கோழிக் கொட்டகையில் உப்பு: ஒரு களைக்கொல்லி ஆலையின் கணக்கு

கோழிகள் போய்விட்ட கொட்டகைகள். உள்ளே அம்பாரமாக உப்பு. அதற்கும் இடம் போதாமல் வெளியே வெறும் மண்ணிலும் கொட்டி வைத்திருந்தார்கள். மேலே கூரை கிடையாது, கீழே தளம் கிடையாது. எட்ட நின்று பார்ப்பவருக்கு உப்பளத்துக் கரை நினைவுக்கு வந்திருக்கும். அந்த உப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை ஆர்செனிக் இருந்தது. நம் பக்கம் வெள்ளைப் பாஷாணம் என்று பேர்பெற்றது இந்தத் தனிமத்தின் ஆக்சைடுதான்.

இடம், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துத் தென்கோடியில் உள்ள வைன்லாந்து. திராட்சை விளையும் ஊராக வேண்டும் என்று சார்லஸ் லாண்டிஸ் என்பவர் 1861-இல் திட்டமிட்டு உண்டாக்கியதால் அந்தப் பெயர். போதை ஏறாத திராட்சைச் சாற்றைத் தாமஸ் வெல்ச் 1869-இல் பக்குவப்படுத்தியதும் இங்கேதான். பிற்பாடு திராட்சை போய் முட்டை வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து உயிர்தப்பி வந்த யூதக் குடும்பங்கள் பல இங்கே கோழி வளர்த்துப் பிழைத்தன. ஊரெங்கும் கோழிக் கொட்டகைகள் இருந்த அந்தக் காலத்தில், 1950-இல், வைன்லாந்து கெமிக்கல் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. 54 ஏக்கர் வளாகம். ஆர்செனிக் கலந்த களைக்கொல்லிகள்தான் சரக்கு: எம்.எஸ்.எம்.ஏ., டி.எஸ்.எம்.ஏ., ககோடிலிக் அமிலம். 1994 வரை ஆலை ஓடியது.

களைக்கொல்லியின் கேடு என்றால் நம் கண் முதலில் வயலுக்குப் போகும். முதுகில் டேங்க் சுமந்து மருந்தடிப்பவர், தெளித்த காற்று, அடுத்த வயலின் பயிர். வைன்லாந்து வழக்கை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே நஞ்சு வயல்வரை போகக் காத்திருக்கவில்லை. டப்பாவில் அடைத்து விற்றதைப் பற்றிய விவாதம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, விற்க முடியாத பங்கு ஆலையின் கொல்லைப்புறத்திலிருந்தே ஆற்றுக்குப் போய்விட்டது.

மென்மையான பாஷாணம்

இந்த மருந்துகள் சந்தைக்கு வந்தபோது முன்னேற்றமாகத்தான் பார்க்கப்பட்டன. அது முழுப் பொய்யும் இல்லை. அவற்றுக்கு முந்தைய தலைமுறைக் களைக்கொல்லி சோடியம் ஆர்செனைட். செம்பு உருக்கும் உலைகளின் புகையில் படியும் ஆர்செனிக் ஆக்சைடு மலிவாகக் கிடைத்தது. காஸ்டிக் சோடாவில் அதைக் கரைத்தால் களைக்கொல்லி தயார். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லை, அதாவது நம் தர்ப்பையை, ஒழிக்க இந்தக் கரைசலைத்தான் தெளித்தார்கள். தோட்டக் கூலிகளில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதால் தெளித்த கைகளும் பெரும்பாலும் தமிழ்க் கைகளே. இந்த மருந்து பட்ட புல்லுக்கு ஓர் உப்புச்சுவை உண்டு. மாடு அதைத் தேடிப்போய் மேயும். கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு இது பாலபாடம். 1960-களில் பாராகுவாட் வந்து சோடியம் ஆர்செனைட்டை ஓரங்கட்டியது. (பாராகுவாட்டின் யோக்கியதையைப் பேசினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.)

சோடியம் ஆர்செனைட்டோடு ஒப்பிட்டால் எம்.எஸ்.எம்.ஏ. சாது. ஆர்செனிக் அணுவோடு கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு மீத்தைல் தொகுதியைக் கட்டிவிட்டால் அது கரிம ஆர்செனிக் ஆகிறது. தவறுதலாக விழுங்கியவர் உடனே சாகும் வாய்ப்பு பல மடங்கு குறைகிறது. வேலையிலும் நயம் உண்டு: கோரையையும் ஜான்சன் புல்லையும் பொசுக்கும், அருகம்புல்லை விட்டுவிடும். தென் அமெரிக்க மாநிலங்களில் என்று எழுதினால் குழப்பம் வரும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தெற்கு மாநிலங்களில் பருத்திக் காடுகளும், அருகம்புல் வகையை விரித்த கோல்ஃப் மைதானங்களும் இதை விரும்பி வாங்கியதன் ரகசியம் அதுதான்.

ஆனால் ஆர்செனிக் ஒரு தனிமம். டி.டி.டி. போன்ற பிடிவாதக்கார மூலக்கூறையும் மண்ணின் நுண்ணுயிர்கள் ஆண்டுக்கணக்கில் மென்று உடைத்துவிடும். ஆர்செனிக்கை உடைத்து வேறொன்றாக்க எதுவும் இல்லை. எரித்தால் புகையோடு போகும், கரைத்தால் நீரோடு போகும். மீத்தைல் என்ற சட்டையை நுண்ணுயிர் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது பழைய ஆள்தான். ஆகவே இத்தகைய ஆலையை மதிப்பிட, வாசலில் எத்தனை டன் ஆர்செனிக் உள்ளே வந்தது, அதில் எவ்வளவு எங்கே போயிற்று என்று மளிகைக்கடைக் கணக்குப்போல் எழுதிப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

உப்பு வந்த வழி

களைக்கொல்லி ஆலையில் உப்பு எதற்கு? யாரும் அதைத் தயாரிக்க நினைக்கவில்லை. ஆர்செனிக் ஆக்சைடைக் காஸ்டிக் சோடாவில் கரைக்கிறார்கள். அதில் மீத்தைல் குளோரைடு வாயுவைச் செலுத்தும்போது மீத்தைல் ஆர்செனிக்கோடு சேர்ந்து டி.எஸ்.எம்.ஏ. ஆகிறது, விட்டுப்போன குளோரின் சோடியத்தோடு சேர்ந்து சாப்பாட்டு உப்பாகிறது. டி.எஸ்.எம்.ஏ.யைக் கந்தக அமிலத்தால் மாற்றி எம்.எஸ்.எம்.ஏ. ஆக்கினால் கூடவே சோடியம் சல்பேட் என்ற இன்னோர் உப்பு. சரக்கு தயாராகத் தயாராக உப்பும் படிந்துகொண்டே வரும். அதைப் பிரித்து எடுக்கும்போது, ஈரமணலில் தண்ணீர் ஒட்டியிருப்பதுபோல், உப்புப் பரல்களைச் சுற்றிக் களைக்கொல்லிக் கரைசல் ஒட்டிக்கொண்டே வரும். முழுவதும் கழுவிவிட்டால் சரக்கு வீண், கழுவு நீரும் நஞ்சு. கழுவாமல் விட்டால் உப்பு நஞ்சு. இரண்டாவதுதான் நடந்தது.

ஆண்டுக்குச் சுமார் 1,100 டன் உப்பு. சோற்றுப்பானையில் போட்ட உப்பு கரைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு இந்தக் கழிவின் குணம் புரியும். சாம்பலாகவோ கசடாகவோ இருந்திருந்தால் மழை மேலே பட்டு வழிந்தோடி, உள்ளே இருப்பது கொஞ்சம் தங்கியிருக்கும். அந்தப் பகுதியில் ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டர் வாக்கில் மழையும் பனியும் விழுகிறது. திறந்தவெளி உப்புக் குவியல் அதற்கு எத்தனை நாள் தாங்கும்?

பின்னாளில் அமெரிக்க அரசு அபாயகரக் கழிவுகளுக்குப் பட்டியல் போட்டபோது, எம்.எஸ்.எம்.ஏ., ககோடிலிக் அமிலம் இவற்றின் உற்பத்தியில் வரும் உப்புக்கென்றே தனி எண் கொடுத்தது: கே031. ஒரு தொழிலின் ஒரே ஒரு துணைவிளைபொருளுக்குத் தனி எண் என்றால், இது ஓர் ஆலையின் அசட்டையோடு முடிகிற விஷயமாக இருக்க முடியாது. விஸ்கான்சின் மாநிலத்தில் மேரினெட் என்ற ஊரைப் பாருங்கள். அங்கே ஆன்சல் நிறுவனம் 1957 முதல் 1977 வரை ஆர்செனிக் களைக்கொல்லி தயாரித்தது. அங்கும் உப்புக் குவியல், அங்கும் ஏறக்குறைய 2 சதவீத ஆர்செனிக், பக்கத்தில் ஓடிய மெனோமினி ஆற்றுப் படுகையிலும் அதே நஞ்சு. வியட்நாம் போரில் நெற்பயிரைக் கருக்க அமெரிக்க விமானங்கள் தெளித்த ஏஜென்ட் புளூவுக்குச் சரக்கு ஆன்சலுடையது. ககோடிலிக் அமிலமும் அதன் சோடிய உப்பும்தான் அது. டையாக்சின் என்ற நஞ்சால் பேர்பெற்ற ஏஜென்ட் ஆரஞ்சின் நிழலில் ஏஜென்ட் புளூவை உலகம் மறந்துவிட்டது. வயலில் இறங்கிய ஆர்செனிக் ஒரு பக்கம், அதைச் செய்த ஊரில் தங்கிய உப்பு மறுபக்கம்.

மணல், ஓடை, ஏரி

வைன்லாந்தில் குவியல் மட்டுமே குற்றவாளி என்று சொல்ல முடியாது. தளம் போடாத குட்டைகளில் ஆலைக் கழிவுநீரும் நின்றது. சுத்திகரிக்காத கழிவுநீர் அந்தக் குட்டைகளில் விடப்படுவதை மாநிலச் சுகாதாரத் துறை 1966-லேயே பார்த்துவிட்டது. அந்தக் கழிவுநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 67,000 மைக்ரோகிராம் வரை பதிவாகியிருக்கிறது. எண் பெரியது என்பதால் மனத்தில் தங்காது, இப்படிப் பார்க்கலாம். அந்த நீரில் ஒரு தம்ளர், 200 மில்லி, எடுத்தால் அதில் 13 மில்லிகிராம் ஆர்செனிக் இருக்கும். இன்று குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த வரம்பைத் தொடும் தண்ணீரை நாளுக்கு இரண்டு லிட்டர் வீதம் குடிப்பவர் ஒருவர், அந்த 13 மில்லிகிராமை எட்ட இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்க வேண்டும்.

1966-இல் கண்ணில் பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய் என்று மாநிலம் உத்தரவு போட்டது 1971-இல். அமெரிக்காவில் எல்லாம் சட்டப்படி உடனுக்குடன் நடக்கும் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு.

அந்த மண் மணல். தென் ஜெர்சி முழுக்கப் பரந்த கோஹான்சி மணற்படுகை. விழுந்த நீர் தேங்காமல் நேரே கீழே இறங்கும். இறங்கிய நீர் பக்கவாட்டில் நகர்ந்து, வளாகத்தை ஒட்டி ஓடும் பிளாக்வாட்டர் ஓடையில் ஊறிக் கலந்தது. பால் விடாத தேநீர் நிறத்தில் ஓடும் ஓடைகள் அந்தப் பகுதியின் அடையாளம். ஊசியிலைக் காட்டுச் சருகின் சாறும் இரும்பும் சேர்ந்த நிறம் அது. ஆர்செனிக்கின் நிறம் எதிலும் தெரியாது. ஓடை மாரிஸ் ஆற்றில் விழுகிறது. ஆறு தெற்கே மில்வில் நகரத்தருகே 870 ஏக்கர் பரப்புள்ள யூனியன் ஏரியில் போய்த் தேங்குகிறது. மக்கள் நீந்தவும் மீன் பிடிக்கவும் படகு விடவும் போகும் ஏரி. அதைத் தாண்டி டெலவேர் விரிகுடா. இதே மாரிஸ் ஆற்றின் சில பகுதிகளை 1993-இல் தேசத்தின் எழில்மிகு இயற்கை ஆறுகளின் பட்டியலில் சேர்த்தார்கள். சிரிக்காமல் சொல்கிறேன்: அந்தத் தகுதியும் அதற்கு உண்டு.

இப்படி ஆற்றுக்குள் போன ஆர்செனிக் சுமார் 500 டன் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. முதலில் படித்தபோது மிகையோ என்று தோன்றியது. அஞ்சல் அட்டைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 1,100 டன் உப்பு, அதில் ஒன்று முதல் இரண்டு சதவீதம்: ஆண்டுக்கு 11 முதல் 22 டன் ஆர்செனிக். எல்லா ஆண்டும் ஒரே அளவு உற்பத்தி இருந்திருக்காது. இருந்ததாகவே வைத்து ஒரு கால் நூற்றாண்டுக்குப் பெருக்கினால் 275 முதல் 550 டன். கழிவுநீர்க் குட்டைகளின் பங்கு இதில் சேரவில்லை. மதிப்பீட்டைச் சொன்னவர்கள் மிகைப்படுத்தவில்லை.

ஏரியில் போய்ப் படிந்ததோடு கதை ஓய்ந்துவிடவில்லை. இரும்பும் ஆர்செனிக்கும் ஒட்டிப் பிறந்தவை போல. பிராணவாயு உள்ள நீரில் இரும்பு துருவாகி வண்டலில் படியும்போது ஆர்செனிக் அந்தத் துருவைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கும். அடிச்சேற்றில் பிராணவாயு தீர்ந்ததும் துரு கரையும். பிடி நழுவிய ஆர்செனிக் மறுபடி நீரில் ஏறும். வங்காளத்துக் குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் வந்ததும் ஏறக்குறைய இதே வேதியியலால்தான். அங்கே அதைக் கொண்டுவந்து சேர்த்தது இமயமலை வண்டல், இங்கே ஓர் ஆலை. மண்ணுக்குள் நடப்பது ஒன்றே. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே திட்டத்தில் வங்கதேசத்தையும் வைன்லாந்தையும் சேர்த்துப் படித்ததில் வியப்பில்லை.

உடம்புக்குள்

மீத்தைல் ஒட்டாத கனிம ஆர்செனிக் நீண்டகாலம் உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தைவானிலும் சிலியிலும் வங்காளத்திலும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. முதலில் தோல் பேசும். தூசி படிந்த தரையில் மழைத்துளி விழுந்ததுபோல மார்பிலும் முதுகிலும் கருப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, அரிசி மணி மணியாகச் சொரசொரப்பு. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்று. சிலியின் அந்தோஃபகஸ்தா நகரம் 1958 முதல் 1970 வரை ஆர்செனிக் மிகுந்த ஆற்றுநீரைக் குடித்தது. தண்ணீரைச் சுத்திகரித்த பிறகும், பத்து இருபது ஆண்டுகள் கழித்தும் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுச் சாவுகள் அங்கே உயர்ந்தே இருந்தன. குடித்ததற்கும் நோய்க்கும் நடுவே ஒரு தலைமுறை கழிந்துவிடுவதால், யாரால் வந்தது என்று நீதிமன்றத்தில் நிறுவுவது பெரும்பாடு.

கரிம ஆர்செனிக்கின் பக்கம் பேசியவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். கனிம ஆர்செனிக் உள்ளே வந்தால் நம் கல்லீரலே அதற்கு மீத்தைல் சேர்த்து வெளியேற்றுகிறது; முதலில் ஒரு மீத்தைல், பிறகு இரண்டு. எம்.எஸ்.எம்.ஏ.யில் இருப்பது அந்த முதல் படி, ககோடிலிக் அமிலம் இரண்டாம் படி. உடம்பே நஞ்சை முறிக்கச் செய்யும் பொருளை ஆலையில் செய்வதில் என்ன தவறு? கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பின்னால் நுணுகிப் பார்த்தபோது, ஒரு மீத்தைல் ஏறிய ஆர்செனிக்கின் ஓர் இடைநிலை வடிவம் மூலப் பொருளைவிடக் கொடியது என்று தெரிந்தது. ககோடிலிக் அமிலம் கலந்த உணவும் நீரும் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகளை உண்டாக்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கனிம ஆர்செனிக்கை மனிதருக்குப் புற்று உண்டாக்குவதாக உறுதியானவற்றோடு வைத்திருக்கிறது. மீத்தைல் ஏறிய இந்த இரண்டு வடிவங்களையும் புற்று உண்டாக்கக்கூடும் என்ற வகுப்பில் வைத்திருக்கிறது.

கோல்ஃபும் பருத்தியும்

2006-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கரிம ஆர்செனிக் களைக்கொல்லிகள் மறுபதிவுக்குத் தகுதியற்றவை என்று முடிவுசெய்தது. தெளித்த பிறகு மண்ணில் கனிம வடிவத்துக்கு மாறிக் குடிநீரைச் சேரக்கூடும் என்பது காரணம். ஃபுளோரிடாவின் கோல்ஃப் மைதானங்கள் இதற்கு ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தன: மணல், சுண்ணாம்புக் கல், கையெட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர், அந்த நீரில் ஆர்செனிக். 2009-இல் உற்பத்தியாளர்களோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. வீட்டுப் புல்வெளி உட்படப் பெரும்பாலான பயன்பாடுகளுக்கு முற்றுப்புள்ளி. கோல்ஃப் மைதானம், புல்தரையைப் பெயர்த்து விற்கும் பண்ணை, நெடுஞ்சாலை ஓரம் இவற்றுக்கு ஒரு கெடு. ஆர்செனிக்கின் அபாயத்தை அறிவியல் அகாதமி மீளாய்வு செய்யட்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சொன்னதும் அந்தக் கெடு தள்ளிப்போயிற்று.

பருத்திக்கு மட்டும் அனுமதி நீடித்தது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு மசியாத பாமர் அமரந்த் என்ற களை தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளை விழுங்கிக்கொண்டிருந்தது. நம் முளைக்கீரையின் தாயாதி அது, ஆளுயரம் தாண்டி வளரும். ஒரு மருந்தை அளவு கடந்து நம்பியதால் அடங்காத களை உருவாயிற்று. அதை அடக்க, கைவிடத் தீர்மானித்த மருந்தை மறுபடி கையில் எடுக்க வேண்டியதாயிற்று. விவசாயியை இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு அந்த ஆண்டுப் பருத்தி கைக்கு வந்தாக வேண்டும்.

துப்புரவு

1984-இல் வைன்லாந்து ஆலை, அரசு நிதியில் துப்புரவு செய்ய வேண்டிய இடங்களின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் ஏறியது. 1989-இல் துப்புரவுத் திட்டம் முடிவானது. 1994-இல் ஆலை மூடிய பிறகு பொறுப்பு முழுக்க அரசின் தலையில். செலவு 10 கோடி டாலரைத் தாண்டியது, பெரும்பகுதி வரிப்பணம். களைக்கொல்லி டப்பாவில் அச்சடித்த விலையில் இந்தத் தொகை ஒருநாளும் சேர்ந்ததில்லை.

ராணுவப் பொறியாளர் படை மண்ணைக் கழுவ ஒரு ஆலை கட்டியது. கேலிபோலத் தோன்றும், வேலை நிஜம். மணலைத் தோண்டி எடுத்துச் சலித்து, நீரில் அலசி, ஆர்செனிக் ஒட்டிய பொடியைப் பிரித்துவிட்டு, சுத்தமான மணலை அதே குழியில் திரும்பக் கொட்டினார்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே வர வேண்டும் என்பது இலக்கு. கழுவிய மண் 4 லட்சம் டன்னுக்கு மேல். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் நிலையம் 2000-இல் ஓடத் தொடங்கியது.

மண் அடங்கியது, நீர் அடங்கவில்லை. இறைக்க இறைக்க ஆர்செனிக் குறைந்து, ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் நின்றுவிட்டது. மணலில் பூசிய இரும்புத் துரு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக்கொடுத்தது. வெறும் நீரால் இறைத்தே தீர்ப்பதென்றால் பல நூறு ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்ட கொலம்பியா ஆய்வாளர்கள் ஆக்சாலிக் அமிலத்தைச் சோதித்தார்கள். கீரையில் இருக்கும் அமிலம். துணியின் துருக்கறை போக்கக் கடையில் பொடியாகக் கிடைப்பதும் அதுதான். அதை நிலத்துக்குள் செலுத்தியதும் துரு கரைந்தது, பதுங்கியிருந்த ஆர்செனிக் நீரோடு வந்தது. கறை எடுப்பவர்கள் அறிந்த வித்தைதான்.

மேலே வரும் நீரில் இரும்பு உப்பைக் கலக்கிறார்கள். ஏரியின் அடியில் இயற்கை செய்வதை இங்கே தொட்டியில் செய்கிறார்கள்: இரும்பு துருவாகிப் படிகிறது, ஆர்செனிக் அதோடு ஒட்டிக்கொள்கிறது, தெளிந்த நீர் ஓடைக்குப் போகிறது. தொட்டியின் அடியில் தங்குவது பழுப்புச் சேறு. அதைப் பிழிந்து லாரியில் ஏற்றி வேறோர் இடத்துக் கழிவுப் புதைகுழிக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழிக்கு அடியில் தளம் உண்டு, மேலே மூடியும் உண்டு.